வீட்டில் வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்வது: குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் முற்றிய நிலையில், ‘வீட்டுக்குக் கூட்டிப் போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவமனை அனுப்பிவைத்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்காக எழுதியது இது. நான், குணமாக்க முடியாத நோயின் வலியையும் உபாதையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பிரிவில் (பாலியேட்டிவ் கேர்) வேலை பார்க்கும் செவிலியர். வீடு வீடாகப் போகும்போது சமையலறை வாசலிலோ மாடிப்படியிலோ என்னைத் தனியாக நிறுத்திக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே தந்திருக்கிறேன். சிறுநீரகம், இதயம், நுரையீரல் கெட்டுப்போய்க் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மருந்தும் அதன் அளவும் மட்டும் உங்கள் மருத்துவர் சொல்கிறபடிதான்.

‘இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

நோயைக் குணப்படுத்த ஒன்றுமில்லை, அவ்வளவுதான். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், புண், வாய் வறட்சி, தூக்கமின்மை, பயம் என்று ஒவ்வொன்றுக்கும் தினமும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கையால் செய்கிற வேலை. நீங்களே கற்றுக்கொள்ளலாம்.

கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்தவர். பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகி, அதன் பிறகு டாக்டருக்குப் படித்தார். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, பணக் கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார். படிக்கும்போது இது பாடப் புத்தகத்து வாசகமாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஒருவருக்கு ஞாயிறு இரவு மட்டும் வலி தாங்க முடியாமல் போகும். மாத்திரையைக் கூட்டியும் கேட்கவில்லை. அவர் சிகிச்சைக்காக மனைவி குழுவில் கடன் வாங்கியிருந்தார், திங்கட்கிழமை காலை தவணைக்கு ஆள் வரும். மைத்துனர் அந்தத் தவணையை ஏற்றுக்கொண்ட பிறகு ஞாயிறும் மற்ற நாள் போல ஆனது.

உதவிக்கு யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரையும் முகவரியையும் கொடுங்கள். புற்றுநோய் சிகிச்சை தந்த மருத்துவமனையிலேயே நோய்த்தணிப்புப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல பேருக்கு அந்தப் பிரிவின் வாசலைக் காட்டுவதே கடைசி வாரத்தில்தான். அது எனக்குத் தீராத மனக்குறை.

கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது இந்த வேலை. அங்கே ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். 2008-ல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. நாம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

கடும் வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்கிறார்களே?

நாள் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. போகமாட்டார். வலிக்கு ஏற்ற அளவில், சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. மார்ஃபினைப் பெரும்பாலும் நோயின் கடைசியில்தான் தொடங்குகிறார்கள். அதனால்தான் ‘மாத்திரை கொடுத்தார்கள், ஆள் போய்விட்டார்’ என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

‘அடிமையாகிவிடுவாரே’ என்பது அடுத்த பயம். வலிக்காக, சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்காகத் தேடுகிறவராக மாறுவது அரிது. ஆனால் உடம்பு பழகிவிடும். அதனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். ஆகவே 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ‘வலி வரட்டும், அப்புறம் கொடுக்கலாம்’ என்று மிச்சம் பிடிப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. வந்துவிட்ட வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படும். முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார். பல வாரமாக வலியில் விழித்துக் கிடந்தவருக்கு அதில் பாதி கடன் தூக்கம். குமட்டலும் சில நாளில் அடங்கும், அதற்கு மாத்திரை உண்டு. எழுப்பினாலும் எழாத மயக்கம், மிக மெதுவான மூச்சு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி இவற்றைக் கண்டால் மட்டும் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. மார்ஃபின் தொடங்கும் அன்றே பேதி மருந்தும் தொடங்க வேண்டும். வாழைப்பழம் போதாது. இசப்கோல் என்ற நார்த்தூள் வேண்டாம், தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு அது குடலிலேயே இறுகிக்கொள்ளும். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். எங்கள் வேலையில் பாதி இதுதான்.

தெருமுனை மருந்துக்கடையில் மார்ஃபின் கிடைக்காது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதனால் இருப்பு தீரும் முன்பே போய் வாங்குங்கள். சனிக்கிழமை இரவு தீர்ந்தால் திங்கள்வரை அவர்தான் துடிப்பார். இன்னொன்று: மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாமல் போனால் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடலாம், கேளுங்கள்.

வலி எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் ‘பரவாயில்லை’ என்கிறார்.

‘வலி இருக்கா’ என்று கேட்டால் நம் ஆட்கள் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன். ‘தாங்கவே முடியாத வலி நூறு ரூபாய் என்றால் இப்போ எவ்வளவு?’ வயதானவர்கள் ‘முக்கால்வாசி’, ‘ஒரு பத்து ரூபாய் இருக்கும்’ என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். பேச முடியாதவர் என்றால் முகத்தைப் பாருங்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போது புருவம் சுருங்குகிறதா, பல்லைக் கடிக்கிறாரா, முனகுகிறாரா என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். குளுக்கோஸ் ஏற்றலாமா? மூக்கில் டியூப் போடலாமா?

‘பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோம் என்று ஊர் பேசுமே’ என்பதுதான் இந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குத் தெரியும். கடைசி வாரங்களில் உடம்பு மெல்ல மெல்ல அணைந்துகொண்டு வருகிறது. சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு வேண்டாம் என்கிறது உடம்பு. இந்த நிலையில் பெரும்பாலானவர்களுக்குப் பசியே தெரியாது.

வாந்தி, பேதி, வாய்ப்புண், மலச்சிக்கல் போன்று சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்காகச் சில நாள் குளுக்கோஸ் ஏற்றுவதில் தப்பில்லை. ஆனால் கடைசி சில நாட்களில் ஏற்றும் நீர் போக வழியில்லாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும், மூச்சு கரகரக்கும். கொடுத்தது உபத்திரவமாகிவிடும். மூக்குவழி டியூபும் இப்படித்தான். சுயநினைவு தடுமாறுகிறவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிவார், பிறகு கையைக் கட்டிவைப்பார்கள். அதைப் பார்க்கச் சகிக்காது.

கேட்கும்போது, கேட்டதை, கேட்ட அளவு கொடுங்கள். ஒருவர் மூன்று நாள் கழித்துக் கேட்டது ஐஸ் குச்சி. சர்க்கரை நோயாளிக்கு எப்படி என்று மகன் தயங்கினார். இந்தக் கட்டத்தில் சர்க்கரைப் பத்தியமெல்லாம் யாருக்காக? தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள், விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள், அது போதும்.

தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சிதான். அரை லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் அரை ஸ்பூன் சமையல் சோடா கலந்து, சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்துப் பிழிந்து, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், மேலண்ணம் என்று துடைத்தெடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. உதட்டுக்கு வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். வாய்க்குள் தயிர் படிந்தது போல வெள்ளையாக இருந்து, துடைத்தால் சிவந்தால் அது பூஞ்சை. மருந்து வேண்டும். பல்செட்டைக் கழற்றி வையுங்கள்.

உறவுக்காரர்கள் வாயில் பால் ஊற்ற வேண்டும் என்கிறார்கள்...

இதைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் பல செவிலியர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். விழுங்கும் திறன் போனவர் வாயில் ஆளுக்கு ஒரு ஸ்பூனாகப் பதினைந்து பேர் ஊற்றினால் அது இரைப்பைக்குப் போகாது. மூச்சுக்குழலுக்குள் இறங்கும். இருமக்கூடத் தெம்பில்லாதவர் மூச்சு முட்டித்தான் போவார். காசு உரசிய தண்ணீர், வீட்டு மண் கரைத்த தண்ணீர், துளசித் தீர்த்தம், ஜம்ஜம் தண்ணீர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்.

சடங்கே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அது அவர்கள் விடைபெறும் முறை. பஞ்சைப் பாலில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றச் சொல்வேன். கடைசி நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே சொன்னால் எடுபடாது. இரண்டு நாள் முன்பே அந்த வீட்டுப் பெரியத்தையையோ பெரியப்பாவையோ தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிட்டால், அப்புறம் அவர்களே ‘ஊத்தாதே, தொட்டு வை’ என்று மற்றவர்களை அதட்டுவார்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நோயுற்றவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்குப் பங்குத்தந்தையை நினைவிருக்கும்போதே அழையுங்கள்.

தென்மாவட்டங்களில் சில இடங்களில், ‘இழுத்துக்கொண்டு கிடக்கிறாரே’ என்று தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் தலைக்கூத்தல் இன்னும் பேச்சில் அடிபடுகிறது. அது கொலை. யாராவது ஜாடையாகச் சொன்னாலும் முடியாது என்று சொல்லுங்கள். ‘பார்க்க முடியவில்லையே’ என்று சொல்கிறவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நோயாளியின் வலிக்குச் சரியான மருந்தும், தனக்கு ஒரு இரவுத் தூக்கமும்தான்.

படுக்கைப்புண் வராமல் தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973-ல் தாக்கப்பட்டுச் செயலிழந்த செவிலியர் அருணா ஷான்பாக்கை, 2015-ல் இறக்கும்வரை 42 வருடம் அங்கிருந்த சக செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருடமும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டதற்காகவே அவர்கள் பேசப்பட்டார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழுவதும் ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் செய்யுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை, காது ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பாரத்தை எடுக்க வேண்டும். இழுத்து நகர்த்தாதீர்கள், தோல் உரியும். அடியில் ஒரு பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். ‘ஏர் பெட் வாங்கியாச்சு’ என்று விட்டுவிடுகிற வீட்டில்தான் புண்ணைப் பார்க்கிறேன்.

கடைசி சில நாட்களில் திருப்பும்போதெல்லாம் வலிக்கிறது என்றால் குறைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தோலைவிட நிம்மதி பெரிது.

புற்றுக்கட்டிப் புண்ணிலிருந்து நாற்றம் தாங்கவில்லை. அவரே வெட்கப்பட்டு யாரையும் உள்ளே விடுவதில்லை.

இதற்குக் கைவசம் நல்ல மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையை நைஸாகப் பொடித்துப் புண்ணின் மேல் தூவச் சொல்வோம், சில நாளிலேயே நாற்றம் குறையும். எத்தனை, எப்படி என்று உங்கள் செவிலியர் செய்து காட்டுவார். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு தலைதட்டிய டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவைத்தால் கழுவும் நீர் தயார். ஒட்டியிருக்கும் துணியை நனைத்துத்தான் எடுக்க வேண்டும். பகலிலும் கொசுவலை போடுங்கள், ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். வைத்துவிட்டாலும் அது உங்கள் கவனக்குறைவு என்று மருகாதீர்கள், போன் செய்யுங்கள். ஊதுபத்தி கொளுத்தாதீர்கள், மூச்சு முட்டும்.

அவருக்கு நோய் இன்னதென்று தெரியாது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

அவருக்குத் தெரியும். நீங்கள் வாசலில் டாக்டரிடம் கிசுகிசுப்பதும், பார்க்க வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதும் அவருக்குத் தெரியாதா? முடி கொட்டிய நோயாளிகள் நிறைந்த வார்டில் இருபது நாள் படுத்திருந்தவர் அவர். ‘அவங்களுக்குத் தெரியாது, தாங்கமாட்டாங்க, சொல்லிடாதீங்க’ என்று மனைவியைப் பற்றி அவரும் என்னிடம் தனியாகச் சொல்வதுண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நாடகம் போடுகிறார்கள்.

அதற்காகப் போய்ப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். ‘உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீங்கப்பா?’ என்று ஆரம்பிக்கலாம். ‘நான் பிழைப்பேனா?’ என்று அவரே கேட்டால், ‘சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘ஏன் கேக்குறீங்க? என்ன தோணுது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எங்கே வைத்து எடுக்க வேண்டும் என்று அவர் சொல்ல நினைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை.

இன்னும் எத்தனை நாள்?

நாள் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வாரத்துக்கு வாரம் தளர்கிறார் என்றால் வாரக்கணக்கு, தினம் தினம் தளர்கிறார் என்றால் நாள் கணக்கு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நாள் முழுக்கத் தூக்கம், விழுங்க முடியாமை, சிறுநீர் குறைந்து கறுப்பது, கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நீலம் பாய்வது, மூச்சு வேகமாகி, நின்று, மறுபடி தொடங்குவது இவையெல்லாம் வந்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இடையில் ஒரு நாள் திடீரென்று தெளிந்து, எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பவர்களும் உண்டு. அணையப்போகிற விளக்கு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மருந்தை நிறுத்தாதீர்கள், அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தொண்டையில் கரகரவென்று சத்தம். மூச்சுக்குத் தவிக்கிறாரே!

விழுங்கவும் துப்பவும் முடியாத எச்சில் தொண்டையில் தேங்கி எழுப்பும் சத்தம் அது. கேட்கிற நமக்குத்தான் கஷ்டம், மயக்கத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வழிவதைத் துடையுங்கள். சுரப்பைக் குறைக்க ஊசி உண்டு. உறிஞ்சும் இயந்திரம் ஆழமாகப் போனால் வேதனைதான். நினைவோடு இருப்பவர் மூச்சுத்திணறினால் முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து, சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள். நல்ல பலன் தரும். குறைந்த அளவு மார்ஃபினும் மூச்சுத்திணறலைத் தணிக்கும். படபடத்துப் புரண்டால் சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

பேச்சை நிறுத்தாதீர்கள். வான்கூவரில் நடந்த, 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், நினைவிழந்த நிலையிலும் சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியது. சொத்துத் தகராறை அந்த அறையில் பேச வேண்டாம்.

நிலைமை மோசமானால் 108-ஐக் கூப்பிடலாமா? ஐ.சி.யூ.வில் சேர்க்கலாமா?

அடக்க முடியாத வலி, வலிப்பு, ரத்தப்போக்கு என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். மற்றபடி இதை முன்கூட்டியே பேசி முடிவெடுத்து, வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாக விமானத்தில் வந்து இறங்கப்போகும் மகனுக்கும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி இரவு வெண்டிலேட்டரில் போகும், யாரும் பக்கத்தில் இருக்க முடியாது.

உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்ற தன் விருப்பத்தை நோயாளி எழுதியும் வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் இதை அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். மருத்துவமனையில் உயிர்காப்புக் கருவிகளை நிறுத்துவதென்றால் தலா மூன்று பேர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேரப்பிள்ளைகளை உள்ளே விடலாமா?

விடுங்கள். வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

நான்தான் மருமகள். எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சில நேரம் ‘முடிந்துவிட்டால் தேவலை’ என்று தோன்றுகிறது. பாவமா?

இல்லை. இரவெல்லாம் விழித்து, டயப்பர் மாற்றி, காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிற யாருக்கும் தோன்றுவதுதான். வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிவருவதற்குப் பதில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். உங்களால் கேட்க முடியாதென்றால் என்னைப் போன்ற செவிலியரிடம் சொல்லுங்கள், நாத்தனாரிடம் நாங்கள் கேட்கிறோம். வெள்ளை யூனிஃபார்ம் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

உயிர் பிரிந்த பிறகு உடனே என்ன செய்ய வேண்டும்?

அவசரமாக எதுவும் இல்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் தானம் என்றால் மட்டும் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். ரத்தப் புற்றுநோய் தவிர்த்துப் பல புற்றுநோயாளிகள் தரலாம்.

பார்த்து வந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்குங்கள். டிஸ்சார்ஜ் அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தால் அலைச்சல் குறையும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் பதியலாம். மீந்த மார்ஃபினை எண்ணி, தந்த இடத்திலேயே ஒப்படையுங்கள். முதுகு வலிக்கிறது என்று சொல்லும் சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம்.